ஸ்கீமா பிரித்துத் தருகிறேன் என்றவரிடம் 200 டாலர் போச்சு, ஜாக்கிரதை!

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு தளம் வழியாக ஒருவரைப் பிடித்து, எங்கள் ஏபிஐ ஸ்கீமாவை, அதாவது மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறும் தரவு எந்த வடிவில் இருக்கும் என்ற வரையறையை, பிரித்துத் தர 200 டாலர் கொடுத்தேன். வந்தது குப்பை. பணமும் திரும்பவில்லை.

எங்களிடம் இருந்தது இந்த வரையறைகளை ஓப்பன்ஏபிஐ முறைப்படி எழுதிவைத்த ஒரே யாமல் (YAML) கோப்பு, ஆயிரக்கணக்கான வரிகள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட், அதாவது இருவர் மாற்றங்களும் மோதிக்கொள்வது, நிச்சயம். ஒரு ஸ்கீமாவுக்கு ஒரு கோப்பு என்று பிரிக்க வேண்டும், அதிலிருந்து ஜெனரேட்டர் என்ற கருவி தானாக ஜாவா கோட் எழுதித் தருவதும் பழையபடி ஓட வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

அவர் அனுப்பிய மாதிரியைப் பார்த்துத்தான் நம்பினேன். பாத்ஸ், ஸ்கீமாஸ் என்று தனித்தனி ஃபோல்டர்கள். ஆர்டர் கோப்பைத் திறந்தால் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு $ரெஃப் வரி, அதாவது ‘இதை அங்கே போய்ப் பார்’ என்ற சுட்டு, அது அட்ரஸ் கோப்பைக் காட்டியது. ‘ஜெனரேட் ஆகும் கோடில் ஒரு எழுத்துகூட மாறாது சார்’ என்றார்.

வேலை முடிந்து வந்த ஃபோல்டரும் மேலோட்டமாக அப்படியேதான் இருந்தது. உள்ளே? $ரெஃப் எல்லாவற்றையும் ஏதோ கருவியில் போட்டு, சுட்டு இருந்த இடத்தில் முழு வரையறையையும் விரித்து, விரிந்ததை வெட்டி வெட்டிக் கோப்புகளாக்கியிருக்கிறார். கஸ்டமரில் ஒரு முகவரி, ஆர்டரில் அதன் முழு நகல், இன்வாய்ஸில் இன்னொன்று. எல்லாம் ஒன்றுதான் என்று ஜெனரேட்டருக்கு எப்படித் தெரியும்? ஜாவா கோடில் அட்ரஸ் என்ற ஒரே கிளாஸ் (தரவு வகை) இருந்த இடத்தில் கஸ்டமர்அட்ரஸ், ஆர்டர்அட்ரஸ், இன்வாய்ஸ்அட்ரஸ். அட்ரஸை வாங்கும் மெத்தட் ஒவ்வொன்றிலும் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் கத்துகிறது. கேட்டகரிக்குள் கேட்டகரி வரும் ஸ்கீமா இன்னும் மோசம். தன்னையே சுட்டுவதை விரித்துக்கொண்டே போனால் முடிவே கிடையாது, அதனால் இரண்டாம் அடுக்கோடு வெட்டி உள்ளே என்ன என்று சொல்லாமல் ‘டைப்: ஆப்ஜெக்ட்’ என்று மட்டும் போட்டு மூடிவிட்டார். இதற்கா 200 டாலர்?

கேட்டால், ‘உங்கள் ஜெனரேட்டர் பழசு’ என்றார். புதுப் பதிப்பிலும் அதே கதை. பிறகு ‘ஓப்பன்ஏபிஐ 3.1-க்கு மாறுங்கள், 3.0-இல் $ரெஃப் பக்கத்தில் வேறெதுவும் எழுத முடியாது’ என்றார். 3.0-இல் அப்படி எழுதினால் கணக்கில் வராது என்பது வாஸ்தவம்தான். ஆனால் $ரெஃப்பே இல்லாத கோப்புக்கு அது என்ன பதில்? அப்புறம் ஆளே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவோ ‘கோப்புகள் ஒப்படைக்கப்பட்டுவிட்டன’ என்று புகாரை மூடியது. தரத்தையெல்லாம் அவர்கள் பார்க்க மாட்டார்களாம். இந்த இழுபறியில் பணத்தை நிறுத்திவைக்கும் அவகாசம் முடிந்து 200 டாலரும் தானாக அவர் கணக்குக்குப் போய்விட்டது.

எப்படிப் பிரிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பிரித்த கோப்புகளை ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் முன் பண்டில் செய்யுங்கள் (சுட்டுகளை அழிக்காமல் ஒரே கோப்பாகச் சேர்ப்பது), டீரெஃபரன்ஸ் செய்யாதீர்கள் (அவர் செய்ததுபோல் சுட்டுகளை விரித்துவிடுவது). சரியாகப் பண்டில் செய்தால் ஸ்கீமாக்கள் கோப்பின் காம்பொனென்ட்ஸ் பகுதிக்குள் பெயரோடு இருக்கும், கிளாஸுக்கும் அந்தப் பெயரே வரும். பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டிலிருந்தும் கோட் உருவாக்கி, எங்கே வேறுபடுகிறது என்று டிஃப் போட்டுப் பாருங்கள். ஒரு கிளாஸ் கூடுதலாக வந்தாலும் பணத்தை நிறுத்துங்கள். மாதிரியை உங்கள் கோப்பிலேயே செய்யச் சொல்லுங்கள், அதுவும் தன்னையே சுட்டும் ஸ்கீமாவில்.

அந்த 200 டாலருக்கு கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்கிறார்கள்.