தாழ்ப்பாள் கதவா, தள்ளுகம்பிக் கதவா?

அரங்கத்துக்கு உரிமம் கேட்பவர்கள் முதலில் தீயணைப்பான்களைத்தான் எண்ணுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அவசர வழிக் கதவு.

தாழ்ப்பாள் கதவு மலிவு. ஆனால் அதைத் திறக்கக் கொஞ்சம் வெளிச்சமும் நிதானமும் வேண்டும். புகை சூழ்ந்தால் இரண்டுமே இருக்காது. அதுவும் உள்பக்கம் திறக்கும் கதவு என்றால், பின்னாலிருந்து நெருக்கும் கூட்டமே அதை அழுத்தி மூடிவிடும். 1942இல் பாஸ்டனில் கோகோநட் குரோவ் என்ற இரவு கேளிக்கை விடுதி எரிந்தபோது 492 பேர் இறந்தார்கள். வாசலின் சுழல்கதவு ஆட்களால் அடைபட்டது; வேறு கதவுகள் பூட்டியிருந்தன. படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

தள்ளுகம்பிக் கதவில் இடுப்பளவில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். கை வேண்டாம், உடம்பு மோதினாலே பூட்டின் நாக்கு உள்ளிழுத்துக்கொண்டு கதவு வெளிப்பக்கம் திறந்துவிடும். வெளியாள் உள்ளே வரவும் முடியாது. விலை கூடுதல்தான், சரி. உள்ளே இருப்பவரே ஓசி ஆட்களுக்குத் திறந்துவிடுவாரே என்று பயந்தால், கதவில் எச்சரிக்கை மணி வையுங்கள். சங்கிலி மட்டும் போடாதீர்கள். அப்புறம், காட்சிக்கு முன் ஒவ்வொரு கம்பியையும் அழுத்திப் பாருங்கள், கதவுக்கு வெளியே யாராவது பைக்கை நிறுத்தியிருக்கிறார்களா என்றும்.