ஏசி, ஹீட்டர் இல்லாத வீடு: கட்டடக்கலை மாணவர்களுக்கான செய்முறைப் பயிலரங்கு எப்படி?

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளை எந்தப் பயிலரங்குக்கு அனுப்பலாம் என்று கேட்டால், இப்போதைக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். வெயிலையும் காற்றையும் மட்டும் வைத்து வீட்டைச் சூடாக்குவது, குளிர்விப்பது, பாடம் இவ்வளவுதான். ஸ்லைடு போட்டு உட்காரவைப்பதில்லை, வந்ததுமே ரம்பத்தையும் பிளைவுட்டையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரே அளவில் இரண்டு பெட்டி, இரண்டுக்கும் ஒரே கண்ணாடி, ஒன்றுக்குள் மட்டும் கறுப்பு பெயின்ட் அடித்த தண்ணீர் பாட்டில்கள். வெயிலில் வைத்தால் மத்தியானம் காலிப் பெட்டியின் சூடுதான் எகிறுகிறது, அந்தக் குழு ஜெயித்துவிட்ட மாதிரி கத்துகிறது. பொழுது சாய்ந்ததும் அது மளமளவென்று இறங்கிவிட, பாட்டில் பெட்டியோ பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே கன அளவில் கான்கிரீட்டைவிடத் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் பிடிக்கும் என்பது எல்லாரும் பரீட்சைக்குப் படித்ததுதான், ஆனால் விடியற்காலையில் டார்ச் அடித்துத் தெர்மாமீட்டரைப் பார்த்துத் தன் கையால் குறித்தவருக்கு அது மறக்காது. அதன் பிறகுதான் துரோம்ப் சுவருக்குப் போகிறார்கள்: கண்ணாடி, சின்ன இடைவெளி, பின்னால் கறுப்படித்த கனமான சுவர். 1967-ல் பிரான்சின் ஒதேயோவில் பெலிக்ஸ் துரோம்பும் ஜாக் மிஷேலும் அப்படி வீடு கட்டினார்கள், ஆனால் எட்வர்ட் மோர்ஸ் 1881-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பதையும் விடாமல் சொல்கிறார்கள்.

ஜன்னலுக்கு மேலே வரும் சன்ஷேடு பாடமும் அருமை. நிலநடுக்கோட்டிலிருந்து 40 பாகை தள்ளிய இடத்தில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து கோடை உச்சத்தில் 73.5 பாகையிலும் குளிர்கால உச்சத்தில் 26.5 பாகையிலும் நிற்கும். அட்டை மாதிரியின் மேல் விளக்கை அந்தக் கோணங்களில் பிடித்து, கோடை வெயிலை மறைத்துக் குளிர்கால வெயிலை உள்ளே விடும் நீளம் வரும்வரை வெட்டி வெட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, குறைகள். தெர்மாமீட்டரை நேர் வெயிலில் தொங்கவிட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, வெயில் அதன் மேலேயே விழுந்து அளவு ஏறிவிடும். அதற்கு மறைப்பு வைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஒரு பகல் அளவீடு அப்படியே வீணானது. கண்ணாடி ஓரத்து இடுக்குகளை அடைப்பதிலும் கண்டிப்பு போதாது.

எனக்குப் பெரிய வருத்தம் குளிர்விக்கும் பாடத்தில்தான். கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை போட்டு, ஊதுபத்திப் புகை கீழே நுழைந்து மேலே வெளியேறுவதைக் காட்டுகிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடைசியில் அவசர அவசரமாக முடித்துவிடுகிறார்கள். ராத்திரிக் காற்றை உள்ளே விட்டுச் சுவரை ஆற்றும் உத்தி, ராத்திரி நன்றாகக் குளிர்கிற ஊரில்தான் வேலை செய்யும். இரவிலும் புழுங்குகிற ஊரில் கனமான சுவர் சூட்டைச் சேர்த்துவைத்துத் தூங்கவிடாது, அங்கே நிழலும் காற்றோட்டமும்தான் கைகொடுக்கும். வெப்பமான ஊர்களுக்கு வீடு வரையப்போகிற மாணவர்கள் இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று சேரும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.