கவானஸ் கால்வாயில் ஓசிப் படகு: மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம்

நியூயார்க்கில் காசில்லாமல் படகு என்றால் முதலில் சந்தேகம்தான் வரும். புரூக்ளினின் கவானஸ் ட்ரெஜர்ஸ் கனூ கிளப்பில் நிஜமாகவே கட்டணம் கிடையாது. எல்லாரும் தன்னார்வலர்கள், மனமிருந்தால் நன்கொடை போடலாம். இரண்டாம் தெரு முனையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, துடுப்பைக் கொடுத்து, "தண்ணீர் வாயில் படக்கூடாது, கரையேறியதும் கை கழுவுங்கள்" என்று சொல்லி இறக்கிவிடுகிறார்கள்.

அழகு பார்க்க இங்கே போகாதீர்கள். போக வேண்டியது கால்வாயின் இரண்டு பாதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க. கரையிலிருந்த எரிவாயு ஆலைகளின் தார் நூறு வருடத்துக்கும் மேலாக அடியில் சேர்ந்து கிடந்தது. அந்தக் கறுப்புச் சேற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பிளாக் மயோனீஸ்'. 2010-ல் கால்வாயை சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது சுத்தம் செய்தே ஆகவேண்டிய நச்சு இடங்களின் அமெரிக்க அரசுப் பட்டியலில், சேர்த்தார்கள். 2020 நவம்பரில்தான் தூர்வார ஆரம்பித்தார்கள். மூன்றாம் தெருப் பாலத்துக்கு வடக்கே 2024-ல் வேலை முடிந்தது. வாரியதோடு விடவில்லை. மிச்ச தார் மேலே கசியாமலிருக்க எண்ணெயை உறிஞ்சும் களிமண், ஆக்டிவேட்டட் கார்பன், மணல், கல் என்று அடுக்கடுக்காகப் போட்டு அடித்தளத்தை மூடியிருக்கிறார்கள்.

அந்த வடக்குப் பக்கம் சும்மா பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டித் தெற்கே போனோம். நாங்கள் போனபோது அங்கே தூர்வாரி முடிக்கவில்லை. துடுப்பை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், அடியிலிருந்து ஒரு குமிழி வந்து உடைகிறது. உடைந்த இடத்தில் தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் மாதிரி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் விரிகிறது. "அப்பா, கீழே யாராவது மூச்சு விடுறாங்களா?" என்றான் பையன். கூடவே பெட்ரோல் பங்க் வாசனை.

ஒரு குறை உண்டு, அது கிளப்பின் குறை இல்லை. பலத்த மழை பெய்தால் சாக்கடை இன்னமும் கால்வாயில்தான் வழிகிறது. அதைப் பிடித்து வைக்க 80 லட்சம் கேலன், 40 லட்சம் கேலன் என இரண்டு நிலத்தடித் தொட்டிகள் திட்டத்தில் இருக்கின்றன. நாங்கள் போனபோது கட்டுமான வேலைதான் நடந்துகொண்டிருந்தது. தொட்டிகள் தயாராகும்வரை சுத்தம் செய்த தரைமேலேயே புதுச் சேறு படியத்தான் செய்யும். தொட்டியை முதலில் கட்டிவிட்டு அப்புறம் தூர்வாரியிருக்கலாமே என்பது என் கட்சி.

நாலு நாள் வெயிலடித்தபின் போங்கள். பழைய செருப்பு போதும். ஐந்துக்கு நாலு, ஒன்று மழைக்குக் கழித்தது.