பிளாஸ்டிக்கில் மரை தேய்ந்த திருகுக்கு அரால்டைட் ஸ்டாண்டர்ட்

எங்கள் மிக்ஸியின் அடித்தட்டைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளில் ஒன்று, எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாள் சட்னி அரைப்பதற்குள் தளர்ந்து, தட்டு கடகடவென்று அதிரத் தொடங்கிவிடும். திருகு இறங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழலின் உட்புற மரை முற்றிலும் தேய்ந்திருந்ததே காரணம்.

முதலில் ஹார்டுவேர் கடையில் கேட்டு, இரும்பு போல்ட்டுகளுக்குப் போடும் நீல நிற மரைப்பூட்டுத் திரவத்தை வாங்கி வந்தேன். அது பெருந்தவறு. காற்றுப்படாமல் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில்தான் அத்திரவம் நன்றாக இறுகும். பிளாஸ்டிக்கில் இறுகாமல் தங்கி, ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்றவற்றில் விரிசலை உண்டாக்கும். ஒரு வாரத்துக்குள் அந்தக் குழலின் விளிம்பில் மயிரிழை போன்ற இரண்டு கீறல்களைக் கண்டபோது மனம் மிகவும் வருந்தியது. வீட்டுச் சாதனங்களைத் தாமே பழுதுபார்ப்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் வாங்கிய, இரண்டு குழாய்களில் வரும் கலவைப் பசையான (எப்பாக்ஸி) அரால்டைட் ஸ்டாண்டர்ட் எனக்கு முழு நிறைவைத் தந்தது. குழலின் உட்புறத்தைச் சுருட்டிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டேன். பிசின், இறுக்கி இரண்டையும் சம அளவில் உடைந்த டைல்ஸ் துண்டொன்றின் மேல் கலந்து, மிக்ஸியைத் தலைகீழாக வைத்து, குச்சியால் பாதித் துளைவரை மட்டும் நிரப்பினேன். திருகு இறங்கும்போது பசை மேலேறும் என்பதால் முழுவதும் நிரப்பக் கூடாது. கீறல் விழுந்த வெளிப்புறத்திலும் ஒரு வளையம்போல் பூசினேன். பசை ஒட்டிக்கொள்ளாதபடி திருகின் மரையில் மட்டும் வாசலின் தடவி, அடித்தட்டு இல்லாமலே நேராக நிறுத்தி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விட்டேன். மறுநாள் சிறு எதிர்ப்புடன் திருகு கழன்று வந்தது; உள்ளே வெளிர் மஞ்சள் நிறத்தில் புதிய மரை தெளிவாகப் பதிந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும் கிடைக்கிறது என்றாலும், திருகைச் செங்குத்தாக நிறுத்த நிதானம் வேண்டிய இவ்வேலைக்கு மெதுவாக இறுகுவதையே பரிந்துரைப்பேன்.

தட்டை மாட்டும்போது திருகை முதலில் இடப்பக்கமாகச் சுற்றி, பதிந்திருந்த மரையில் அது 'டக்' என்று அமர்ந்த பிறகே வலப்பக்கம் திருப்பினேன். இல்லையென்றால் புதிய மரையையும் அதுவே வெட்டிவிடும். நான்கு மாதங்களாகத் தினமும் ஓடியும் அந்தத் திருகு அசையவில்லை.

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கிலும் இப்பசை ஒட்டாது. பாகத்தின் உட்புறத்தில் பிபி (பாலிபுரொப்பிலீன்) அல்லது பிஇ (பாலிஎத்திலீன்) என்று அச்சாகியிருந்தால் வாங்கிப் பயனில்லை, உரிந்து வந்துவிடும். எங்கள் வாஷிங் மெஷினின் பிபி மூடிக்கு, துளையை ஊடுருவும் போல்ட், இருபுறமும் அகலமான வாஷர், நைலான் வளையம் வைத்த லாக் நட் ஆகியவற்றைத்தான் போட்டேன்.