149 ரூபாய் பெல்ட்டும் நானும்: விலை மாற்றிக் கருவியோடு நான்கு ஆண்டுகள்

நான் விற்பது கிரைண்டர் உதிரிபாகங்கள். பெல்ட், நைலான் புஷ், ஸ்கிராப்பர், கெப்பாசிட்டர் என்று எல்லாம் கைக்கு அடங்கும் சாமான்கள். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோவையில் இவை தடுக்கி விழுந்தால் கிடைக்கும். மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் நம்மவர் வீட்டில் பெல்ட் அறுந்தால் அன்றைக்கு இட்லி கிடையாது. அவர்களை நம்பித்தான் 2020 கடைசியில் ஓர் இணையச் சந்தையில் கடை திறந்தேன்.

முதல் ஆறு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு நான் விற்ற அதே பெல்ட்டின் பக்கத்தில் இன்னும் ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். இணையச் சந்தையில் ஒரு பொருளுக்கு ஒரே பக்கம்தான். அதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினால் ஆர்டர் ஒருவருக்குத்தான் போகும். அந்த இடத்துக்குப் பை பாக்ஸ் என்று பெயர். விலை மட்டுமே அதைத் தீர்மானிப்பதில்லை என்றாலும், ஐந்து ரூபாய் குறைத்தவருக்கு அது போய்விடுவதைத் தினமும் பார்த்தேன். காலையில் ஒருவர் 195, மதியம் இன்னொருவர் 189, நான் சாப்பிட்டுவிட்டு வந்து 187 போடுவதற்குள் 185. இந்தக் கூத்தைக் கையால் ஆட முடியாமல்தான் 2021-இல் தானியங்கி விலை மாற்றிக் கருவிக்குச் சந்தா கட்டினேன். மாதம் 1,200 ரூபாய்.

இந்த மென்பொருள் கருவி செய்வது எளிய வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு என இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் விலையைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பார்த்து, நாம் சொன்ன விதிப்படி நம் விலையை அது ஏற்றி இறக்கும். நான் கொடுத்த விதி: 'யார் குறைவோ அவரைவிட ஒரு ரூபாய் குறைவு'. கடை போட்ட எல்லோரும் முதலில் கொடுக்கும் விதி அதுதான். முட்டாள்தனமான விதியும் அதுதான்.

மூன்றாம் நாள் காலையில் கைப்பேசியை எடுத்தால் 61 ஆர்டர். வீட்டுக்காரி காபியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்றாள். பெல்ட்டின் விலையைப் பார்த்தேன். 199-இல் படுத்தது 139-இல் எழுந்திருந்தது. எதிராளியிடமும் ஒரு கருவி இருந்திருக்கிறது. இரண்டும் இரவு முழுக்க ஒன்றையொன்று பார்த்து ஒவ்வொரு ரூபாயாக இறங்கி, நான் கொடுத்திருந்த கீழ்வரம்பில் வந்து முட்டி நின்றிருக்கின்றன.

அந்த 139-ஐ நான் போட்ட விதம் இது: கொள்முதல் 52, பொட்டலம் கட்ட 6, அனுப்புகூலியும் தரகும் சேர்த்து எழுபதுக்குள், மேலே கொஞ்சம் லாபம். கணக்கு சரியாகத்தான் இருப்பதுபோலத் தெரியும். விற்பனை விலைக்குள்ளேயே 18% ஜிஎஸ்டி ஒளிந்திருப்பதை மறந்துவிட்டேன். திரும்பி வரும் சரக்கை நினைத்தே பார்க்கவில்லை. அன்று பிற்பகல் உட்கார்ந்து 199-க்கு விற்கும் ஒரு பெல்ட்டை முழுதாகப் பிரித்தேன். ஜிஎஸ்டி போக 168 ரூபாய் 64 காசு. தரகு, அனுப்புகூலி, மற்ற கட்டணங்கள் போக 93-ஐ ஒட்டி. வரி நீங்கலான கொள்முதல் 52-ம் பொட்டலம் 6-ம் கழித்தால் 35. அப்போது எனக்குப் பத்தில் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒன்று திரும்பினால் போக வர கூலியாகக் கிட்டத்தட்ட 90 ரூபாய் போகும். அதை விற்ற பெல்ட்டுகள் மேல் பரப்பினால் ஒன்றுக்கு 9. கடைசியில் மிஞ்சியது 26 ரூபாய்.

இதே கணக்கை 139-க்குப் போட்டால் பெல்ட் ஒன்றுக்கு 18 ரூபாய் நட்டம். 61 பேருக்கு என் கைக்காசைப் போட்டுப் பெல்ட் அனுப்பிவைத்தேன். லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் விற்கும் விலை 163 என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு மாதம் வியாபாரம் செய்த பிறகு!

என்னைவிடப் பெரிய அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். 2014 டிசம்பரில் பிரிட்டனில் விலை மாற்றி மென்பொருள் ஒன்று பழுதாகி, அமேசானில் கடை வைத்திருந்த பல சிறு வியாபாரிகளின் சரக்குக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஒரு பென்னி என்று விலை போட்டுவிட்டது. அதற்கு நேர்மாறாக 2011-இல், இரண்டு கடைகளின் தானியங்கிக் கணக்குகள் ஒன்றையொன்று பார்த்து ஏற்றிக்கொண்டே போய், ஈயைப் பற்றிய ஓர் உயிரியல் நூலின் விலையை 2 கோடியே 36 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தின. அதனால் மேல்வரம்பையும் காலியாக விடாதீர்கள்.

கீழ்வரம்பை 163 ஆக்கினேன். ஆர்டர் பாதியாகக் குறைந்தது. 149-க்கு ஒருவர், 99-க்கு ஒருவர் எனக்குக் கீழே நின்றுகொண்டு அசையவே இல்லை. எப்படிக் கட்டுப்படியாகிறது என்று மண்டை குடைந்தது. இருவரிடமும் ஆளுக்கு ஒரு பெல்ட் ஆர்டர் போட்டேன். இந்த நான்கு ஆண்டில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

99 ரூபாய் பெல்ட் வந்ததும் பிரிக்கும்போதே புதுச் செருப்புக் கடை வாசனை. வெளியே அளவு எண் எதுவும் அச்சாகவில்லை. என் பெல்ட்டைக் குறுக்கே வெட்டினால் ரப்பருக்குள் நூல் இழைகள் வரிசையாகத் தெரியும். இதில் இரண்டு இழைகள் பேருக்கு இருந்தன. அம்மாவின் கிரைண்டரில் மாட்டிவிட்டேன். ஐந்தாவது தடவை உளுந்து ஆட்டும்போது டிரம் நின்று நின்று சுற்றியது. கழற்றிப் பார்த்தால் அடியில் கரித்தூள்போல ரப்பர் உதிர்ந்து கிடந்தது. விலைக் கணக்கும் அதையேதான் சொன்னது: 99-இல் வரியும் கட்டணங்களும் போனால் கையில் நிற்பது 19 ரூபாய், அதற்குள் பெல்ட்டும் அடங்க வேண்டும், உறையும் அடங்க வேண்டும். அவரோடு நான் போட்டியிட ஒன்றுமில்லை. அவர் விலையைப் பார்க்கவே வேண்டாம் என்று கருவியில் சொல்லி வைத்தேன். குறிப்பிட்ட விற்பனையாளரை விலக்கிவைக்கும் அந்த வசதிக்காகவே சந்தா தகும்.

149 ரூபாய் பெல்ட்தான் திடுக்கிட வைத்தது. அச்சு அசலாக என் சரக்கு. அதே எண், அதே உறை. அனுப்புநர் முகவரியைப் பார்த்தேன். நான் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரியின் கிடங்கு இருக்கும் அதே தெரு!

மறுநாள் நேரே போனேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். உறையை மேசைமேல் வைத்தேன். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாடியில் பையன் கம்ப்யூட்டர் வைத்து என்னவோ செய்கிறான் தம்பி. எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். "என் வயிற்றில் அடிப்பது உங்கள் பையன்தானா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எனக்கு டீ வரவழைத்தார். பையனுக்கு அடக்கம் 40 என்றே வைத்துக்கொண்டாலும், என்னைப்போலவே பத்தில் ஒன்று திரும்பினால், 149-இல் அவனுக்கு மிஞ்சுவது ஒரு ரூபாய். அவனுக்கு அது தெரியுமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

இதைச் சந்தை நிறுவனத்திடம் புகார் செய்யலாமா என்று ஆடிட்டரைக் கேட்டேன். மலிவாக விற்பது குற்றம் இல்லை என்றார். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அடக்கத்துக்குக் கீழே விற்று அடுத்தவரை அழிப்பதைத் தடுக்கிறது; ஆனால் சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். மாடியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குப் பொருந்தாது. அந்தக் கதவு அத்தோடு மூடியது.

பிறகு கருவியை வேறு விதமாகப் பயன்படுத்தக் கற்றேன். 'ஒரு ரூபாய் குறைவு' விதியை எடுத்துவிட்டேன். பை பாக்ஸ் என்னிடம் இருந்தால் மெல்ல ஏற்று, இல்லாவிட்டால் எதிராளியின் விலைக்குச் சமமாக நில், 163-க்குக் கீழே போகாதே என்று மாற்றினேன். நள்ளிரவு தாண்டியதும் 199-க்கு ஏற்றச் சொன்னேன். எதிராளியின் கருவிக்கும் என் விலைதான் வழிகாட்டி என்பதால் அதுவும் பின்னாலேயே ஏறி வரும். மாலைக்குள் மறுபடி இறங்கும்தான். ஆனால் அந்த இடைவெளியில் வரும் ஆர்டர்கள் நல்ல விலைக்கு வரும். இன்னொன்று, அடிமாட்டு விலைக்கு விற்பவரின் சரக்கு சீக்கிரம் தீரும். தீபாவளிக்கு முந்தைய வாரம் பையனிடம் பெல்ட் இல்லாத மூன்று நாளில், என் கருவி தானாகவே 219 வரை போய் விற்றது. நான் அப்போது ஒரு கல்யாணத்தில் இருந்தேன். கையால் விலை மாற்றியிருந்தால் நிச்சயம் கோட்டை விட்டிருப்பேன்.

கருவியின் நல்ல பக்கம் இவ்வளவுதான். உண்மையில் என்னைத் தூக்கி நிறுத்தியது ஒரு துண்டு நூல்.

திரும்பி வந்த பெல்ட்டுகளை ஒருநாள் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே 'அளவு சேரவில்லை'. வாங்குபவர் தன் கிரைண்டர் இரண்டு லிட்டர் என்பதை மட்டும் பார்த்து வாங்குகிறார். பெல்ட் அளவோ கிரைண்டருக்குக் கிரைண்டர் மாறும். பக்கத்தில் இருந்த பளபளப்பான படங்களைத் தூக்கிவிட்டு, நானே எடுத்த மூன்று படங்களைப் போட்டேன். கிரைண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களையும் சுற்றி ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளக்கும் படங்கள். கூடவே, 'பழைய பெல்ட்டை அளக்காதீர்கள், அது நீண்டிருக்கும்' என்று ஒரு வரி. உறைக்குள்ளும் இதே படங்களோடு ஒரு தாள் வைத்தேன்.

ஆறு மாதத்தில் பத்துக்கு ஒன்று என்றிருந்த ரிட்டர்ன் முப்பதுக்கு ஒன்று ஆனது. பெல்ட் ஒன்றுக்கு 9 ரூபாயாக இருந்த ரிட்டர்ன் செலவு 3 ரூபாய். கீழ்வரம்பு 163-இலிருந்து 155-க்கு இறங்கியது. யாரிடமும் கெஞ்சாமல், சரக்கில் கை வைக்காமல், எட்டு ரூபாய்! 2024 அக்டோபரில் விற்பனைத் தொகையில் சந்தை நிறுவனம் பிடிக்கும் வருமான வரி 1%-இலிருந்து 0.1% ஆனதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அது திரும்பக் கிடைக்கும் பணம்தான் என்றாலும், 26 ரூபாய் லாபத்துக்கு உழைப்பவனுக்கு முடங்கும் ஒவ்வொரு ரூபாயும் வலிக்கும்.

இடையில் சொந்தப் பெயருக்கு வணிக முத்திரை பதியவும் விண்ணப்பித்தேன். தனிநபருக்கு இணையம் வழியாக 4,500 ரூபாய் கட்டணம். அரசின் வணிக முத்திரை இதழில் வெளியான பிறகு யாரேனும் எதிர்க்கிறார்களா என்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். பெல்ட், இரண்டு புஷ், அளவுத்தாள் மூன்றையும் சேர்த்து ஒரே பெட்டியாக என் பெயரில் தனிப்பக்கம் போட்டேன். பெல்ட் தேயும் வயதில் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். குழவி ஆடும், மாவில் கருப்பு இறங்கும். அந்தப் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தது ஒரே ஒருமுறைதான். முத்திரைச் சான்றைக் காட்டியதும் எடுத்துவிட்டார்கள். இப்போது என் வருமானத்தில் பெரும்பங்கு இந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. வெளியூர் மெக்கானிக்குகள் நேரே அழைத்துப் பத்துப் பெட்டி, இருபது பெட்டி என்று எடுக்கிறார்கள். இதுவரை ஒருவரும் விலை குறைக்கச் சொன்னதில்லை. அளவு சரியாக வருமா என்று மட்டும் கேட்பார்கள்.

ஆக, சந்தா கட்டலாமா? நாலைந்து பொருள் மட்டும் விற்பவர் கட்ட வேண்டாம். 1,200 ரூபாயை எடுக்க என் பழைய லாபத்தில் சுமார் 46 பெல்ட் விற்க வேண்டியிருந்தது. பலர் சேர்ந்து விற்கும் பொருள்கள் முப்பது நாற்பது இருந்தால் கட்டலாம்; வரி, ரிட்டர்ன் எல்லாம் சேர்த்துக் கீழ்வரம்பைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் கருவியைத் தொடக்கூடாது. நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் 212 பொருளில் 38-க்கு மட்டும்.

போன மாதம் சரக்கு எடுக்கப் போனபோது மாடிப்படிக்கு அடியில் திரும்பி வந்த உறைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. பையன் இறங்கி வந்து, "அண்ணா, உங்கள் உறைக்குள் ஒரு நூல் படம் வைக்கிறீர்களாமே, அதில் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டான். பையில் இருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். புஷ் அளவு அச்சிட்ட இரண்டாவது தாளும் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை.