வேதிக் கட்டமைப்புப் படங்கள்: எழுதி வரைவதா, இழுத்து வரைவதா?

கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக் மென்பொருளில் ஆய்வேடு தயாரிக்கும் வேதியியல் மாணவர்கள் பென்சீன் வளையம் வந்ததும் கொஞ்சம் திகைத்து நிற்பார்கள். காசில்லாமல் கிடைக்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. லாடெக்குக்குள்ளேயே கெம்ஃபிக் தொகுப்பைக் கொண்டு குறியீடாக எழுதலாம். இல்லையென்றால் பிரவுசரில் ஓடும் கெட்சரில் மவுஸால் வரைந்து, படமாகச் சேர்க்கலாம். என் ஓட்டு கெம்ஃபிக்குக்கு.

கிறிஸ்தியான் டெலெஷியா எழுதிய தொகுப்பு அது. ஒற்றைப் பிணைப்புக்கு -, இரட்டைப் பிணைப்புக்கு =, முப்பிணைப்புக்கு ~. பென்சீன் வேண்டுமா? *6(-=-=-=) என்று எழுதினால் போதும். டொலுவீன் என்றால் *6(-=-(-)=-=). நடுவே அடைப்புக்குறிக்குள் தனியாக நிற்கும் கோடுதான் மெத்தில் தொகுதி. வளையம் இடஞ்சுழியாக வரையப்படும். அதை மனதில் வைத்து எண்ணினால் எந்த மூலையில் எது ஒட்டும் என்பது பிடிபட்டுவிடும். பிணைப்பின் கோணத்துக்கு, [:30] என்றால் கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை. [::60] என்றால் முந்தைய பிணைப்பிலிருந்து 60 பாகை. இரண்டாவது வகையிலேயே எழுதிப் பழகுங்கள். முதல் கோணத்தை மட்டும் மாற்றினால் மூலக்கூறு முழுவதும் திரும்பிக்கொள்ளும்.

இதன் அருமை திருத்தும்போதுதான் தெரியும். என் ஆய்வேட்டின் முதல் பாதிப் படங்களை இழுத்து வரைந்து ஒட்டியிருந்தேன். பக்க அகலத்துக்குப் பொருந்த ஒன்றைச் சுருக்கி, இன்னொன்றைப் பெரிதாக்கியதில், ஒரே பக்கத்தில் ஒரு பிணைப்பு மயிரிழையாகவும் மற்றொன்று தடித்த கோடாகவும் நின்றன. கைடு அதைச் சுட்டிக்காட்டியபோது அத்தனை படங்களையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. கெம்ஃபிக்கில் கோட்டின் தடிமனும் பிணைப்பின் நீளமும் ஒரே இடத்தில் அமைவன. ஒரு வரியை மாற்றினால் ஏடு முழுக்க மாறும். அணுக்களுக்கு இடையிலான தூரம் இயல்பாகவே எழுத்தின் அளவைச் சார்ந்தது என்பதால், எழுத்தைச் சிறிதாக்கினால் படமும் கூடவே சிறிதாகும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஓர் அணு எங்கே தொடங்குகிறது என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துத்தான் கெம்ஃபிக் பிரிக்கும். தமிழில் அது இல்லையே, அதனால் ஒரு தமிழ்ச் சொல்லை வளையத்தில் ஒட்டினால் உடையாமல் ஒரே அணுவாக நிற்கும். அணுவை அச்சிடும் \printatom கட்டளையைச் சாதாரண உரைக்கு மாற்றி, யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் சீலாடெக்கில் தொகுத்தால் பக்கத்தில் உள்ள அதே எழுத்துருவே படத்திலும் வரும். சொல்லுக்குள் இணைப்புக்கோடு இருந்தால் மட்டும் கவனம், அதைப் பிணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

சரி, கெட்சர் எங்கே ஜெயிக்கிறது? அதற்கு வேதியியல் தெரியும். கார்பனுக்கு ஐந்து பிணைப்பு போட்டால் சிவப்புக் கோடிட்டுக் காட்டும். கெம்ஃபிக் அதை வாய்திறக்காமல் அழகாக வரைந்து கொடுத்துவிடும். தேர்வுத்தாளிலோ பாடநூலிலோ இது பெரிய ஆபத்து. மூலக்கூறை ஒரே வரியில் எழுத்துகளாகச் சொல்லும் ஸ்மைல்ஸ் குறியீட்டை ஒட்டினால் கட்டமைப்பைத் தானே விரித்துக்கொடுப்பதும் கெட்சரின் பலம். எஸ்விஜி படக்கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கி, லாடெக்கில் சேர்க்கலாம். ஜேகெம்பெயின்ட், பிகேகெம் என்ற வரைகருவிகள் இரண்டும் இதே வகைதான். இந்த மூன்றில், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கெட்சரைத்தான் சொல்வேன்.

குறியீடாக எழுதும் வழியில் இன்னொரு லாடெக் தொகுப்பும் உண்டு: ஜப்பானின் ஷின்சாகு ஃபுஜிதா உருவாக்கிய சைம்டெக் 1993 முதல் இருக்கிறது. அதில் 1==, 4== என்று பெயரிடும் முறையின் இட எண்களையே எழுதலாம், ஸ்டீராய்டு எலும்புக்கூடும் தயாராக இருக்கும். ஆனால் கட்டளைப் பெயர்களை நினைவில் வைப்பது பெரும்பாடு.

ஸ்டீராய்டு போல நான்கு வளையம் ஒட்டி நிற்கும் மூலக்கூறுகளில் கெம்ஃபிக்கின் அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க் கண்ணைக் கட்டும். அங்கே நான் கெட்சரில் வரைந்து, பிணைப்புகளைச் சரிபார்த்து, மூலக்கூறின் அமைப்பைத் தாங்கும் மோல் கோப்பாகச் சேமித்து, அதைக் கெம்ஃபிக் குறியீடாக மாற்றும் மோல்டுகெம்ஃபிக் நிரலுக்குக் கொடுக்கிறேன். வெளிவரும் குறியீடு நீளமாக இருக்கும், கையால் எழுதியது போல இருக்காது. ஆனாலும் கோட்டின் தடிமன் மற்ற படங்களோடு அச்சாகப் பொருந்திவிடும்.