ஃபண்டஸ் கேமரா லென்ஸுக்கு "ரீகோட்டிங்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 48,000 போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். விழித்திரைப் படம் எடுக்கும் கேமரா வைத்திருக்கிற கிளினிக்காரர்கள் எல்லாரும் படியுங்கள், தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற மாதிரி, மருத்துவக் கருவிகளுக்கு டெக்னீஷியன் அனுப்பும் ஒரு ஆன்லைன் தளம். இப்போதைக்குப் பெயர் போடவில்லை.

பிரச்சினை சின்னது. எல்லாப் படத்திலும் கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மங்கல். நோயாளி மாறினாலும், வலது கண் போய் இடது கண் வந்தாலும் அது நகரவில்லை. நகராத கறை கண்ணில் இல்லை, முன் லென்ஸில் இருக்கிறது. நோயாளியின் கண்ணுக்கு நாலைந்து சென்டிமீட்டரில் நிற்கிற லென்ஸ் அது. கண்ணீர், கண் மை, கண் பாப்பா விரிய விடும் சொட்டு மருந்து, மூக்கு எண்ணெய் எல்லாம் படத்தான் செய்யும். வெளிச்சம் உள்ளே போவதும் படம் திரும்பி வருவதும் அதே லென்ஸ் வழியாகத்தான். அதனால் அங்கே இருக்கும் அழுக்கு வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். கூர்மையான கறுப்புப் புள்ளி என்றால் அநேகமாக சென்சார் தூசி, அது வேறு வேலை.

வருஷ சர்வீஸோடு இதையும் முடித்துவிடலாம் என்றுதான் ஆளைக் கூப்பிட்டது. வந்தவர் கையுறை போட்டார். துணியை எடுக்கும் முன் ரப்பர் புளோயரால் ஊதினார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "இங்க பாருங்க டாக்டர்" என்று கறையைக் காட்டினார். இந்த இடத்தில்தான் முழு நம்பிக்கை வந்தது. தெரியாதவன் எடுத்ததும் தேய்ப்பான், மணல் துகள் லென்ஸில் கோடு போட்டுவிடும். இவர் ஊதினாரே! அடுத்த நிமிஷம் ஆரம்பித்தார்: "கோட்டிங் போயிடுச்சு, உள்ளே பூஞ்சை வேற. கழட்டி ரீகோட்டிங் பண்ணிடலாம்." சர்வீஸோடு சேர்த்து 48,000. தளத்தின் ஆப்பில் முன்பணமாகவே முழுத் தொகை. 48,000.

தூசி படும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். முடிந்த பிறகு பார்த்தால் லென்ஸ் வளையத்தின் விளிம்பில் வெள்ளைப் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது. பாலிஷ் பசை! கோட்டிங் என்பது, பிரதிபலிப்பைக் குறைக்க, வெற்றிட அறைக்குள் மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற பொருளை ஆவியாக்கிப் படியவைப்பது. ஒரு அடுக்கின் தடிமன் சுமார் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதை மேசையில் வைத்துப் பஞ்சால் பூசவே முடியாது, பசை போட்டு உரிக்க மட்டும்தான் முடியும். உரித்துவிட்டார். முன்பு விளக்கில் சாய்த்தால் லென்ஸ் முழுக்க ஒரே சீராக ஊதாவும் பச்சையும் மின்னும். இப்போது ஓரத்தில் ஒரு ஊதா வளையம் மட்டும், நடுவில் வெறும் கண்ணாடி.

கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். விழித்திரையிலிருந்து திரும்பி வருவதே சொற்பம், இந்த 4 சதவீதம் அதை முழுங்கிவிடும். போதாததற்குக் கழற்றிய லென்ஸைச் சாய்வாக மாட்டியிருக்கிறார். இந்த வகைக் கேமராவில் முன் லென்ஸின் பிரதிபலிப்பை மறைக்க, விளக்குப் பாதையில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். லென்ஸ் துளி விலகினால் புள்ளியும் பிரதிபலிப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. படத்தின் நடுவில், சரியாக மாக்குலா (விழித்திரையில் கூர்மையான பார்வை தரும் நடுப்பகுதி) வர வேண்டிய இடத்தில், வெள்ளை வட்டம். ஓரத்து மங்கலுக்குப் போய் நடுவில் குருடு வாங்கியாயிற்று.

போன் செய்தால் பதில்: "நோயாளிக்குக் கண்புரை இருக்கும் டாக்டர்." அறை விளக்கை அணைத்து, ஆளே இல்லாமல், கறுப்புத் துணிக்கு எதிரே எடுத்த படத்தை அனுப்பினேன். அதிலும் அதே வட்டம். கறுப்புத் துணிக்கும் கண்புரையா? அதற்குப் பிறகு "சென்சார் பழசு" என்றார், அதோடு போனை எடுப்பதில்லை. தளத்தில் கேட்டால் "சுத்தம் செய்வது மட்டும்தான் சேவை, படத் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று எழுதி, புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? என் 48,000 தீர்ந்தது. புது முன் லென்ஸ் செலவு தனி.

முறையாகத் துடைப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

முதலில் ஊதுங்கள், ரப்பர் புளோயரால் மட்டும். ஸ்ப்ரே டப்பா காற்று வேண்டாம், அதிலிருக்கும் திரவம் லென்ஸில் தெறித்துக் கறையாகும். வாயாலும் ஊதாதீர்கள்.

கையேட்டில் சொன்ன லென்ஸ் திரவம் ஒன்றிரண்டு சொட்டு, டிஷ்யூவில். லென்ஸ் மேல் நேராக விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். நடுவிலிருந்து வெளியே சுழற்றி, அழுத்தாமல், ஒரு தடவை. அடுத்த தடவைக்குப் புது டிஷ்யூ. தாடை தாங்கியைத் துடைக்கும் கிருமிநாசினி வைப்ஸ் லென்ஸ் பக்கமே வரக்கூடாது, படலம் விடும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் சிலிக்கோன் தாளும் அப்படித்தான்.

வேலை இல்லாத நேரத்தில் மூடி போடுங்கள், ஈரப்பதம் ஏறவிடாதீர்கள். பூஞ்சை என்று யாராவது சொன்னால் டார்ச்சில் நூல் நூலாகக் கிளை விட்டிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். நிஜமாகவே இருந்தாலும் கழற்றுவது தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர் வேலை, மேசை மேல் ஸ்க்ரூடிரைவர் வேலை இல்லை.

சர்வீஸுக்கு முன்னும் பின்னும் கறுப்புத் துணிப் படம் ஒன்று எடுத்து வையுங்கள். பின்னால் எடுத்ததைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.